கடனை அடைச்சிட்டா சரியாயிடுமா?

காரைக்குடியில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். சூதாட்டப் பிரச்சினையோடு வருகிறவர்களில் ஆடுகிறவர் பேசுவது குறைவு. தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், அம்மாவோ மனைவியோதான் பேசுவார்கள். அந்தப் பேச்சில் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடும்: "இந்தக் கடனை மட்டும் அடைச்சிட்டா சரியாயிடும் தம்பி." ஒரு ஆச்சி, மகன் வெளியே போனதும் குரலைத் தாழ்த்தி, "நாலு பேருக்குத் தெரியறதுக்குள்ள முடிச்சிடணும், பொண்ணு பார்த்துக்கிட்டு இருக்கோம்" என்றார். பெட்டகத்தில் இருந்த வெள்ளிச் சாமானை ஏற்கனவே ஒரு தடவை விற்று அடைத்திருந்தார்கள். ஆறு மாதத்துக்குள் பழைய கடனைவிடப் பெரிய கடன். அவர் மீது எனக்குக் கோபமே வரவில்லை, ஏனென்றால் இங்கே பாதி வீடுகளில் இதைத்தான் செய்கிறார்கள்.

ஏன் சரியாவதில்லை என்று புரிய, நஷ்டத்தில் இருக்கிற மனசு எப்படி வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும். 1979-இல் டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் இருவரும் வெளியிட்ட ஆய்வில் ஒரு கேள்வி. உங்கள் கையில் 1,000 இருக்கிறது. இன்னும் 500 நிச்சயமாக வாங்கிக்கொள்ளலாம், அல்லது காசு சுண்டி 1,000 கிடைக்குமா, ஒன்றுமே இல்லையா என்று பார்க்கலாம். 84 சதவீதம் பேர் நிச்சயமான 500-ஐ எடுத்தார்கள். அடுத்த கேள்வியில் கையில் 2,000. அதில் 500-ஐ நிச்சயமாக இழக்கலாம், அல்லது காசு சுண்டி 1,000 போகுமா, ஒன்றும் போகாதா என்று பார்க்கலாம். இப்போது 69 சதவீதம் பேர் சுண்டிப் பார்க்கத் தயார். கணக்குப் போட்டால் இரண்டு கேள்விக்கும் முடிவு ஒன்றேதான். ஆனாலும் லாபம் என்றால் பத்திரமாக இருக்கிறவர்கள், நஷ்டம் என்று சொன்ன உடனே துணிகிறார்கள். இவர்கள் யாரும் சூதாடிகள் இல்லை, சாதாரண மனிதர்கள். அப்படியானால் மூன்று லட்சம் விட்டவன் இரவு ஒரு மணிக்கு என்ன முடிவெடுப்பான்?

தேவகோட்டைப் பக்கத்து இளைஞர் ஒருவர், ஆன்லைன் ஆட்டத்துக்குப் பணம் போன தன் வங்கிக் கணக்கைக் காட்டினார் (யார் என்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்). இரவு பத்து மணிக்கு 500, கொஞ்ச நேரம் கழித்து 500, அப்புறம் 1,000. பன்னிரண்டு மணிக்கு மேல் 5,000, 5,000, 10,000, இடைவெளி இரண்டு மூன்று நிமிஷம்தான். நடுவில் ஒரு இடத்தில் 18,000 வரவு, அதாவது ஜெயித்திருக்கிறார். அப்போது ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டேன். "அது அவங்க காசு சார், என் காசு இன்னும் வரலையே" என்றார். அந்தப் பதினெட்டாயிரமும் விடிவதற்குள் போய்விட்டது.

எல்லாவற்றுக்கும் மேலே "ஒரு சீட்டுல போச்சு" என்கிற ஏக்கம். ரம்மியில் பன்னிரண்டு சீட்டு சேர்ந்து ஒன்று வராமல் போனால் அது தோல்விதான், ஆனால் மூளை அதை அப்படி எடுத்துக்கொள்வதில்லை. மயிரிழையில் தவறும்போது, ஜெயிக்கும்போது தூண்டப்படும் மூளைப் பகுதிகளே தூண்டப்படுகின்றன, இன்னொரு ஆட்டம் ஆடும் ஆசையும் கூடுகிறது என்று லூக் கிளார்க் என்ற ஆய்வாளரும் குழுவினரும் 2009-இல் மூளை ஸ்கேன் மூலம் காட்டினார்கள்.

"கணக்குத் தெரிஞ்ச பிள்ளை எப்படி விழுந்தான்?" என்பது நம் ஊரில் வருகிற இன்னொரு கேள்வி. வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்த்துப் பேரேடு எழுதப் பழக்கி, பர்மாவுக்கும் மலேயாவுக்கும் லேவாதேவி பார்க்க அனுப்பிய சீமையில் அந்தக் கேள்வி நியாயமானதுதான். ஆனால் கணக்குத் தெரிந்தவர்தான் "எனக்கு ஆட்டம் பிடிபட்டுவிட்டது" என்று சீக்கிரம் நம்புகிறார். ரம்மியில் திறமைக்கு இடம் உண்டு, 1967-இல் உச்ச நீதிமன்றமே அதைச் சொல்லியிருக்கிறது. ஆனால் ஒவ்வொரு ஆட்டத்திலும் நடத்துகிறவர் கமிஷன் எடுத்துக்கொண்டே இருந்தால், ஆடுகிறவர்கள் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் நஷ்டம்தான் மிஞ்சும்.

டிரேடிங் என்று பேர் வைத்தால் வீட்டில் கேள்வியே வராது. பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024-இல் வெளியிட்ட ஆய்வின்படி, மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் எனப்படும் முன்பேர வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள், மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். தொடர்ந்து நஷ்டப்பட்டவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் பிறகும் விடாமல் ஆடியிருக்கிறார்கள். பங்குச்சந்தையில் எல்லோரும் சூதாடிகள் என்று நான் சொல்லவில்லை, ஆனால் இழந்ததை மீட்பதற்காகவே அடுத்த நாள் கடன் வாங்கிப் போடுகிறவருக்கு அது சூதாட்டம்தான்.

பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடை செய்தது. நல்லது. ஆனாலும் வெளிநாட்டுத் தளங்களுக்கு டெலிகிராமில் வழி காட்ட ஆள் இருக்கிறது. ஆப் போனாலும் விட்டதைப் பிடிக்கிற வெறி உள்ளே இருக்கும்வரை ஆபத்து போகவில்லை.

அதனால் கடனைச் சத்தமில்லாமல் மொத்தமாக அடைக்காதீர்கள். கடன் தீர்ந்ததும் ஆடியவருக்குப் புதிதாகக் கடன் வாங்கும் தெம்பு வந்துவிடுகிறது, நடந்தது என்ன என்று யாரும் உட்கார்ந்து பேசுவதில்லை, அவரும் பாதிக் கடனைத்தான் சொல்லியிருப்பார். முதலில் முழுக் கணக்கும் வெளியே வரட்டும். பாங்க் நகைக்கடன், கைமாத்து, மீட்டர் வட்டி, கடன் ஆப், மச்சானிடம் வாங்கியது எல்லாம். சம்பளக் கணக்கும் யூபிஐயும் கொஞ்ச காலம் வீட்டில் ஒருவர் பார்வையில் இருக்கட்டும், நகைப் பெட்டகச் சாவியும் அப்படியே. இதை அவமானப்படுத்தாமல், அவர் சம்மதத்தோடு செய்ய வேண்டும். கடனைத் தவணையில் அவர் சம்பாத்தியத்திலிருந்தே கட்டட்டும். சிந்தனைப் பழக்கத்தை மாற்றும் பேச்சு சிகிச்சைக்கு நல்ல பலன் இருக்கிறது, சிலருக்கு மனநல மருத்துவர் மாத்திரையும் தருவார். 2013-இலேயே அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் சூதாட்ட நோயைப் போதை நோய்களின் வரிசையில் சேர்த்துவிட்டது, ஒழுக்கக்கேடு என்று திட்டி எந்த நோயும் குணமானதில்லை. (வீட்டில் பெரியவர் பார்க்கின்சன் நோய்க்கு பிரமிபெக்சோல் என்ற மாத்திரை சாப்பிட ஆரம்பித்த பிறகு திடீரென்று லாட்டரி, சீட்டு என்று அலைந்தால், அது மாத்திரையின் வேலையாக இருக்கலாம். நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.)

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். இந்த நோயில் தற்கொலை எண்ணம் அதிகம், அதிலும் கடன் வெளியே தெரிந்த முதல் சில நாட்கள் மோசமானவை. "நான் இல்லாட்டி உங்களுக்கு நிம்மதி" என்று சொன்னால் மிரட்டுகிறான் என்று நினைக்காமல், செத்துப்போகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. அன்று அவரைத் தனியாக விடாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416, இரவு எத்தனை மணியானாலும் தமிழில் பேசலாம். உடனே ஆபத்து என்று தோன்றினால் பக்கத்து அரசு மருத்துவமனைக்கே கூட்டிப்போங்கள். ஆலோசனைக்கு முதல் நாள் வரும்போது ஆறு மாத வங்கிக் கணக்கை அச்செடுத்து எடுத்து வந்தால் போதும், மீதியை இங்கே உட்கார்ந்து சேர்ந்து எழுதிக்கொள்ளலாம்.