‘இஸ்கூல்’ என்று சொல்லும் பிள்ளைக்குப் பேச்சுக் குறைபாடு இல்லை

ஆங்கில உச்சரிப்பு சரியில்லை என்று பள்ளியில் சொல்லிவிட்டதால் பேச்சுப் பயிற்சிக்கு என்னிடம் அழைத்துவரப்படும் பிள்ளைகளில் பலர் தமிழைப் பிசிறில்லாமல் பேசுகிறார்கள். ‘ஸ்கூல்’ என்பதை ‘இஸ்கூல்’ என்றும், ‘பஸ்’ என்பதை ‘பஸ்ஸு’ என்றும் சொல்வதுதான் புகார். இதில் நாக்கின் குறை எதுவும் இல்லை. தமிழ்ச் சொல் புள்ளியெழுத்தில் தொடங்காது, வல்லின மெய்யில் முடியாது. ஆங்கிலமோ ஓர் உயிரொலிக்கு முன் மூன்று மெய்கள் வரையும், பின் நான்கு மெய்கள் வரையும் அடுக்கும். பழகாத அந்த அடுக்கைப் பிள்ளையின் வாய் ஓர் உயிரொலி சேர்த்து எளிதாக்கிக்கொள்கிறது.

‘ஸ்பின்’ என்னும் ஓரசைச் சொல்லைப் பாருங்கள். நாக்கின் முன்பகுதி மேற்பல் ஈறை நெருங்க, இடுக்கில் காற்று சீறுகிறது. குரல்நாண்கள் அப்போது அதிர்வதில்லை. உதடுகள் மூடிக் காற்றைத் தேக்கி, திறந்தவுடன் குரல்நாண்கள் அதிர்ந்து உயிரொலி பிறக்கிறது. நாக்கு நுனி மீண்டும் ஈறைத் தொடும் முன்பே மென்னண்ணம் (மேலண்ணத்தின் பின்புற மென்மையான பகுதி) கீழிறங்கிக் காற்றை மூக்குக்கும் விடுவதால், அந்த உயிரொலியிலேயே மூக்கொலியின் சாயல் ஏறிவிடுகிறது. முதல் ஒலியை நீக்கி, குண்டூசியைக் குறிக்கும் ‘பின்’ என்று சொன்னால், வாய்க்கு முன் பிடித்த மெல்லிய தாள் அசையும் அளவுக்கு மூச்சு வெளிப்பட வேண்டும். நம் ‘ப’வில் அந்த மூச்சு இல்லாததால், ஆங்கிலேயர் காதில் அது குப்பைத்தொட்டியைக் குறிக்கும் ‘bin’ என்னும் சொல்லாகவும் விழக்கூடும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய பயிற்சி ஒன்று உண்டு. பிள்ளையின் விரலைத் தொண்டையில் வைக்கச் சொல்லி, ‘ஸ்ஸ்ஸ்’ என்று நீட்டி, மூச்சை நிறுத்தாமல் ‘கூல்’ சேர்க்கச் சொல்லுங்கள். தொடக்கத்திலேயே விரலில் அதிர்வு தெரிந்தால் ‘இ’ புகுந்துவிட்டது என்று பொருள். அதைப் பிள்ளையே உணர்ந்து திருத்திக்கொள்ள முடியும்.

உண்மையான ஒலிப்புக் குறைபாடு தமிழிலும் வெளிப்படும். நான்கு வயதுக்குப் பிறகும் ‘கண்ணு’ என்பது ‘தண்ணு’ என்று வந்தாலோ, ‘ப’, ‘ட’ போன்ற ஒலிகளின்போது மூக்கு வழியே காற்று கசிந்தாலோ, செவித்திறன் பரிசோதனையும் முழுமையான மதிப்பீடும் தாமதமின்றித் தேவை. ஆகவே எந்த மதிப்பீட்டையும் தாய்மொழியில்தான் தொடங்க வேண்டும். ஆங்கில ஒலிப்புக்காக வீட்டில் தமிழ் பேசுவதைக் குறைக்கச் சொல்லும் அறிவுரையைப் பெற்றோர் தயவுசெய்து ஏற்க வேண்டாம்.