நால்வர் பாடினால் ஐந்தாவது குரல் யாருடையது?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “ஃபோர் ஃப்ரெஷ்மென் என்ற அமெரிக்க ஜாஸ் பாட்டுக் குழுவின் 1958 கச்சேரி ஆல்பமான ‘இன் பெர்சன்’ கேட்டேன். பாடுவது நாலு பேர்தான். ஆனால் குரல்கள் இழுத்து நிற்கும் இடங்களில் அடியில் இன்னொருவர் முனகுவது போலிருக்கிறதே, ஒலிப்பதிவில் ஏதாவது வித்தையா?”

சந்தேகம் நியாயமானதுதான். 1957-ல் லேம்பர்ட், ஹெண்ட்ரிக்ஸ், ராஸ் என்ற ஜாஸ் பாடகர்கள் மூவரும், ஜாஸ் பேண்ட் தலைவர் கவுன்ட் பேஸியின் முழு பேண்டையும் குரலில் கொண்டுவருவதற்காக, பாடிய டேப்பின் மேலேயே திரும்பத் திரும்பப் பாடி அடுக்கினார்கள். கூட்டத்தின் முன்னால் நின்று பாடும்போது அந்த வசதி கிடையாது. ஃபோர் ஃப்ரெஷ்மென் 1948-ல் இண்டியானாபொலிஸில் இசை படித்த மாணவர்கள் தொடங்கிய குழு. ஆரம்பத்தில் பாடியது பார்பர்ஷாப் பாணி, அதாவது வாத்தியமின்றி நால்வர் குரல்களை இணைத்துப் பாடும் பாட்டு. பிறகு இன்னொரு ஜாஸ் தலைவரான ஸ்டான் கென்டனின் பேண்ட் எழுப்பும் அகன்ற ஒலியை நாலே குரலில் பிடிக்க முயன்றார்கள். குரலை ஆட்டாமல் நேராகப் பிடிப்பது அவர்கள் வழக்கம். காரணம் கீழே வருகிறது.

எந்தக் குரலும் ஒற்றை அதிர்வெண் அல்ல என்பது பள்ளிப் பாடம். 220 ஹெர்ட்ஸில் ஒருவர் பாடினால் 440, 660, 880, 1100 என்று மடங்குகளும் கூடவே வரும். இப்போது நால்வரும் 220, 275, 330, 385 ஹெர்ட்ஸில் நிற்பதாக வைத்துக்கொள்வோம். விகிதம் 4:5:6:7. முதலாமவரின் ஐந்தாவது மடங்கு 1100, இரண்டாமவரின் நான்காவது மடங்கும் 1100. ஒன்றின் மேல் ஒன்று சரியாக உட்காருகிறது. இதையே பியானோவில் வாசித்தால் இரண்டாவது சுரம் 277.18-ல் இருக்கும். அதன் நான்காவது மடங்கு 1108.7. அது 1100-ஓடு சேரும்போது ஒலி நொடிக்கு எட்டொன்பது முறை ஏறி இறங்கும்; இதுதான் விம்மல். நான்காவது சுரம் 392. அங்கே 1540-ம் 1568-ம் மோதிக்கொள்ளும், ஒலி சொரசொரக்கும். பியானோ கம்பி அசையாது, தொண்டை அசையும். பக்கத்தில் நிற்பவர் குரலைக் கேட்டபடி, விம்மல் அடங்கும்வரை பாடகர் தன் சுருதியை நகர்த்திக்கொள்கிறார். குரலை ஆட்டினால் இந்தப் பூட்டு நொடிக்கு ஐந்தாறு முறை கழன்றுவிடும்.

இதுவரை நடந்ததெல்லாம் காற்றில். எனக்குப் பிடித்த பகுதி காதுக்குள்தான் தொடங்குகிறது.

உள்காதில் நத்தைக்கூடு போலச் சுருண்ட காக்ளியாவில் இரண்டு வகை மயிர்ச்செல்கள் இருக்கின்றன. உள்வரிசையில் சுமார் 3,500. செய்தியை மூளைக்கு அனுப்புபவை இவை. வெளிவரிசையில் சுமார் 12,000. இவற்றின் வேலை கேட்பது மட்டுமல்ல, ஆடுவதும்தான். ஒலி வந்தவுடன் அதே தாளத்தில் நீண்டு குறுகி, வந்த அதிர்வைத் தள்ளிப் பெரிதாக்குகின்றன. ஊசி விழும் சத்தம் நமக்குக் கேட்பது இவற்றின் புண்ணியம். ஆனால் நேர்மையான பெருக்கி இல்லை: மெல்லிய ஒலியை நிறையத் தூக்கும், பலத்த ஒலியைக் கொஞ்சம்தான் தூக்கும். இப்படி விகிதம் தவறும் எதிலும் இரண்டு அதிர்வெண்களை ஒன்றாக விட்டால், உள்ளே போகாத அதிர்வெண்களும் வெளியே வரும். முக்கியமாக இரண்டின் வித்தியாசம். அப்புறம், கீழ்ச்சுரத்தின் இருமடங்கிலிருந்து மேல்சுரத்தைக் கழித்தால் வருவது.

நம் நால்வருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 275-லிருந்து 220 போனால் 55. 330-லிருந்து 275 போனாலும் 55. 385-லிருந்து 330 போனாலும் 55. மூன்று ஜோடிகளும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன. இரண்டாவது வகைக் கழித்தலில் 165, 220, 275 வருகின்றன. எல்லாமே 55-ன் மடங்கு, அதில் இரண்டு பாடகர்களே பாடும் சுரங்கள். பியானோ சுருதியில் அதே மூன்று வித்தியாசங்கள் 57.2, 52.4, 62.4 என்று சிதறிப்போகும். ஐந்தாமவர் வரமாட்டார், வெறும் கலங்கல்தான்.

வயலின் மேதை தார்த்தீனி 18-ஆம் நூற்றாண்டிலேயே இரண்டு கம்பிகளை ஒன்றாக இழைத்து இந்த மூன்றாவது சுரத்தைக் கேட்டிருக்கிறார். தம்புராவில் எழும் அந்தர காந்தாரத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது கம்பியின் ஐந்தாவது மடங்கு. காற்றிலேயே இருக்கிறது, மைக்கில் பதியும். நம் ஐந்தாமவர் டேப்பில் இல்லை. ஆல்பத்தைப் போடும் ஒவ்வொரு தடவையும் உங்கள் காது புதிதாகச் செய்துகொள்கிறது.

மூளைக்கும் பங்கு உண்டு. 4, 5, 6, 7 என்று மடங்குகள் வந்தால், 1 வராவிட்டாலும் அதுதான் அடிச்சுரம் என்று மூளை முடிவு கட்டிவிடும். ஹூட்ஸ்மா, கோல்ட்ஸ்டைன் இருவரும் 1972-ல் ஒரு மடங்கை இடது காதிலும் இன்னொன்றை வலது காதிலும் விட்டுப் பார்த்தார்கள். இரண்டும் எந்த நத்தைக்கூட்டிலும் சந்திக்கவில்லை, இருந்தும் அடிச்சுரம் தெரிந்தது.

ஒன்று சொல்லியாக வேண்டும். ஜாஸ் சுரக்கட்டுகள் எல்லாமே இவ்வளவு எளிய விகிதத்தில் அமைவதில்லை. அதனால் அந்த முனகல் பாட்டு முழுக்க வராது, சில இடங்களில் எட்டிப்பார்த்துவிட்டுப் போகும். மேடையில் பாஸ் வாத்தியமும் இருக்கிறது. அது சும்மா இருக்கும் இடங்களாகப் பார்த்துத்தான் ஐந்தாமவரைத் தேட வேண்டும்.

காது ஒலியைச் செய்கிறது என்றால் அது வெளியேயும் வர வேண்டுமே? வருகிறது. 1978-ல் லண்டனில் டேவிட் கெம்ப், காதுத் துளையில் சிறு மைக்கை வைத்து அதைப் பதிவே செய்துவிட்டார். இன்று தூங்கும் பச்சைக்குழந்தையின் காதில் இரண்டு சுரங்களை விட்டு, மூன்றாவது திரும்பி வருகிறதா என்று பார்த்தே உள்காது வேலை செய்கிறதா எனச் சோதிக்கிறார்கள். “இதனால் நாட்டுக்கு என்ன பயன்?” என்ற கட்டம் இல்லாத ஆராய்ச்சி விண்ணப்பப் படிவத்தை நான் இன்னும் பார்த்ததில்லை. காது சத்தம் போடுகிறதா என்று பார்க்கப் பணம் கேட்டிருந்தால் அந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருப்பார்களோ! இன்னொரு பக்கம், 432 ஹெர்ட்ஸ் இசை நோய் தீர்க்கும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. 440 என்பதே 1939-ல் லண்டனில் கூடிப் பேசி வைத்துக்கொண்ட எண்தான். நால்வரையும் 432-க்கு இறக்கிப் பாடச் சொல்லுங்கள், விகிதம் மாறாததால் ஐந்தாமவரும் கூடவே இறங்கி வருவார். அவ்வளவுதான், சளிகூடத் தீராது.

வாசகர் நம்பவில்லையென்றால் இரண்டு செல்போன்களில் சுரம் எழுப்பும் செயலி போதும். ஒன்றில் 2000, மற்றதில் 2300 வைத்து, இரண்டையும் ஒரே காதுக்கு அருகில் பிடியுங்கள்; காது வலிக்கிற சத்தம் வேண்டாம். இப்போது 2300-ஐ மட்டும் மெதுவாக உயர்த்திப் பாருங்கள். போன் மேலே ஏற ஏற, எந்த போனிலும் இல்லாத ஒரு சுரம் (இரண்டாவது வகைக் கழித்தலில் வருவது) கீழே இறங்கும்.