ட்யூபுக்குள்ளும் வாழும் செல்கள்

கையிலிருந்து எடுத்த இரத்தம் ட்யூபுக்குள் போனதும் வெறும் திரவமாகிவிடுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் சுமார் 40 முதல் 55 லட்சம் சிவப்பணுக்கள் இருக்கின்றன. அத்தனையும் உயிருள்ள செல்கள். மூடி போட்ட பிறகும் அவை தம் வேலையைத் தொடர்கின்றன. லேபில் குழப்பம் தரும் ரிப்போர்ட்டுகளில் கணிசமானவை இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

முதலில் சர்க்கரை. பள்ளிப் படத்தில் செல்லுக்கு நடுவே உட்கரு இருக்கும், அருகே ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா இருக்கும். முதிர்ந்த சிவப்பணுவில் இரண்டுமே கிடையாது. முதிரும்போதே இரண்டையும் கழித்துவிட்டு, ஹீமோகுளோபினை நிரப்பிக்கொள்கிறது. உடல் முழுவதற்கும் ஆக்சிஜன் சுமக்கும் இந்தச் செல்லால் தனக்கென்று ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியாது என்பது வேடிக்கைதான். அதன் ஒரே எரிபொருள் குளுக்கோஸ். அதை ஆக்சிஜன் இல்லாமலேயே உடைத்து லாக்டேட்டாக மாற்றி, கிடைக்கும் கொஞ்ச ஆற்றலில் வாழ்கிறது.

ட்யூபுக்குள்ளும் இது நிற்பதில்லை. செல்களைத் தனியே பிரிக்காத இரத்தத்தை அறை வெப்பத்தில் வைத்திருந்தால் குளுக்கோஸ் மணிக்குச் சுமார் 5 முதல் 7 சதவீதம் குறையும். வெறும் வயிற்றில் 130 இருந்தவரின் மாதிரி மூன்று மணி நேரம் காத்துக் கிடந்தால் 110-ஐ ஒட்டி வந்து நிற்கும். நீரிழிவுக்கான எல்லை 126. ரிப்போர்ட்டை வாங்கியவர் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடுவார். சர்க்கரைக்கு ஃப்ளூரைடு கலந்த சாம்பல் மூடி ட்யூபைத் தேடுவது இதற்காகத்தான். செல் குளுக்கோஸை உடைக்கும் பாதையில் ஒரு நொதியை ஃப்ளூரைடு முடக்குகிறது. அதுவும் உடனே அல்ல, முதல் ஒன்றிரண்டு மணி நேரம் சர்க்கரை கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். இரத்தப் புற்றுநோயில் வெள்ளையணுக்கள் லட்சக்கணக்கில் பெருகியிருந்தால் நிலைமை இன்னும் மோசம். நோயாளி தெம்பாகப் பேசிக்கொண்டிருப்பார், ரிப்போர்ட்டோ மயங்கி விழவேண்டிய அளவுக்குச் சர்க்கரை குறைவு என்று சொல்லும்.

அடுத்தது பொட்டாசியம். லேபில் வேலை பார்க்கும் எங்களுக்கு அதிகம் தொலைபேசி அழைப்பு வருவது இதற்குத்தான். செல்லுக்கு உள்ளே பொட்டாசியம் லிட்டருக்குச் சுமார் 140 மில்லிமோல். வெளியே இரத்த நீரில் 3.5 முதல் 5 வரைதான். இவ்வளவு பெரிய ஏற்றத்தாழ்வைக் காப்பது சில நானோமீட்டர் தடிமனே உள்ள கொழுப்புச் சவ்வும், அதில் பதிந்திருக்கும் ஒரு பம்பும். ஒவ்வொரு சுற்றிலும் மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்ப் அது. 1957-இல் இதைக் கண்டறிந்து வெளியிட்ட டென்மார்க் விஞ்ஞானி யென்ஸ் ஸ்கோவுக்கு நோபல் பரிசு கிடைத்தது 1997-இல்.

இந்தப் பம்புக்குக் குளிர் ஆகாது. "கெட்டுவிடக் கூடாதே" என்று யாராவது பிரிக்காத இரத்தத்தை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால் பம்ப் மந்தமாகி, பொட்டாசியம் மெல்லக் கசிந்து வெளியே வரும். மெல்லிய ஊசியில் வேகமாக இழுத்தாலோ ட்யூபை உலுக்கினாலோ சவ்வே கிழிந்துபோகும். இரண்டாவதைக் கண்டுபிடிப்பது எளிது: சுழற்றிப் பிரித்ததும் மேலே நிற்கும் சீரம் மஞ்சளாக இல்லாமல் இளஞ்சிவப்பாக இருக்கும். ஃப்ரிட்ஜில் இருந்த மாதிரியில் நிறம் மாறாது, எண் மட்டும் ஏறியிருக்கும். எனக்கு அதிகக் கவலை தருவது அதுதான். இரத்தம் எடுக்கும்போது உள்ளங்கையை மூடி மூடித் திறப்பதும் வேண்டாம். வேலை செய்யும் தசைச் செல்களும் பொட்டாசியத்தை வெளியே விடும்.

அதற்காக, உயர்ந்த பொட்டாசியம் எல்லாம் லேபின் தவறு என்று ஒதுக்கிவிடாதீர்கள். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்களுக்கும், சில இரத்த அழுத்த மாத்திரைகளை எடுப்பவர்களுக்கும் அது உண்மையாகவே ஏறும், இதயத் துடிப்பைக் குலைக்கும். மருத்துவர் உடனே ஈசிஜி எடுக்கச் சொன்னால் மறுநாளுக்குத் தள்ளிப்போடக் கூடாது.

செல்லின் கசிவு எங்களுக்கு உதவுவதும் உண்டு. மாரடைப்பில் இதயத் தசைச் செல்கள் சேதமானால் ட்ரோபோனின் என்ற புரதம் இரத்தத்தில் கலக்கும், கல்லீரல் செல்கள் புண்பட்டால் ஏஎல்டி என்ற நொதி ஏறும்.

கடைசியாக, சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி என்று எல்லோரும் அறிந்த எச்பிஏ1சி. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அந்தக் காலம் முழுக்க இரத்தத்தில் இருக்கும் சர்க்கரை ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்டே வரும். உட்கரு இல்லாத செல்லால் பழையதை எறிந்துவிட்டுப் புதிய ஹீமோகுளோபின் செய்துகொள்ள முடியாது, ஒட்டியது ஒட்டியதுதான். அதனால் இந்த எண் செல்லின் ஆயுளையும் நம்பியிருக்கிறது. சிவப்பணுக்கள் சீக்கிரமே சிதையும் நோயிலும், அண்மையில் இரத்தம் இழந்தவர்களிடமும் இளம் செல்களே அதிகம் இருக்கும். சர்க்கரை கூடியிருந்தும் எண் குறைவாக வரும். இரும்புச்சத்துக் குறைபாட்டிலோ பொய்யாகக் கூடலாம். இப்படி ஏதாவது இருந்தால் ரிப்போர்ட் வாங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ஃப்ரக்டோசமின் என்ற வேறொரு பரிசோதனை இருக்கிறது. அது இரத்த நீரில் உள்ள புரதங்களில் ஒட்டிய சர்க்கரையை அளந்து, கடந்த இரண்டு மூன்று வாரக் கணக்கைத் தரும். சிவப்பணு எத்தனை நாள் வாழ்ந்தது என்பது அதற்குத் தேவையில்லை.