கான்ஃபிகர்: செட் ஆவதும் அமைவதும்

கான்ஃபிகர் என்பது ஆங்கில வினை, ஒரு கருவியோ மென்பொருளோ ஒழுங்காக வேலை செய்யும்படி ஒழுங்குபடுத்தி வைப்பது. கான்ஃபிகரேஷன் அதன் பெயர்ச்சொல். பேச்சில் இரண்டும் சுருங்கி ‘கான்ஃபிக்’ ஆகிவிடும். கணினி, கைப்பேசி, வைஃபை பெட்டி என்று எதை வாங்கினாலும் இந்தச் சொல்லும் கூடவே வீட்டுக்குள் வந்துவிடுகிறது.

இதற்குத் தமிழில் என்ன என்று நான் தேடத் தொடங்கியது வடசென்னைக் கொருக்குப்பேட்டையில், நாங்கள் சில பேர் சேர்ந்து நடத்தும் சாயங்கால டியூஷனில். அங்கே ஒரு பழைய கணினி இருக்கிறது. 512 எம்பி நினைவகம், 2012-க்குக் கொஞ்சம் பிறகு வந்த லினக்ஸ் இயங்குதளம். படத்தோடு பக்கம் திறக்கிற உலாவி எதைப் போட்டாலும் மூச்சு வாங்கி நின்றுவிடும். அதனால் எழுத்தை மட்டும் காட்டும் லிங்க்ஸ் உலாவியைப் போட்டுவிட்டு, ஒரு வாரம் அதோடு மல்லுக்கு நின்றேன். பிள்ளைகள் செருப்பைக் கழற்றும்போதே கேட்பார்கள்: “இன்னாக்கா, செட் ஆச்சா?” “இன்னும் ஆவலடா, கான்ஃபிகர் பண்ணிட்டிருக்கேன்.” மூன்றாம் நாள் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் நின்று கேட்டான்: “கான்ஃபிகர்னா இன்னாக்கா?”

சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. ‘கான்’ என்றால் சேர்ந்து, ‘ஃபிகூரா’ என்றால் உருவம். ஒன்றின் அச்சுக்கு ஏற்றபடி இன்னொன்றுக்கு உருவம் கொடுப்பது கான்ஃபிகுராரே. ஃபிகூராவுக்குப் பின்னால் ஃபிங்கெரே என்ற வினை நிற்கிறது: மண்ணைப் பிசைந்து உருப்பிடிப்பது. அதற்கும் பின்னே மொழியியலார் காட்டும் இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்துதான் சமஸ்கிருதத்தின் ‘தேஹ’மும் வருகிறது. பிசைந்து உருவாக்கப்பட்டது என்பதால் உடம்புக்கு அந்தப் பெயர். நாம் அதைத் ‘தேகம்’ என்று எடுத்துக்கொண்டு எத்தனையோ காலம் ஆகிறது. கான்ஃபிகரேஷனும் தேகமும் தூரத்து உறவு என்று தெரிந்த அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை.

ஆங்கிலத்தில் கான்ஃபிகரேஷன் 16-ஆம் நூற்றாண்டிலேயே புழங்கியது, ஆனால் வானத்தைப் பற்றி. கோள்கள் ஒன்றுக்கொன்று எந்த நிலையில் நிற்கின்றன என்பதுதான் அப்போது கான்ஃபிகரேஷன். நம் ஊரில் ஜாதகம் பார்ப்பவர் அதற்கு என்ன சொல்கிறார்? “இந்தக் கட்டத்துல அப்படி ஒரு அமைப்பு இருக்கு.” அதே பொருளுக்கு அவர் வாயில் தானாக வருகிற சொல் ‘அமைப்பு’. கணினிக்குப் புதுச்சொல் தேடிப் போகும் முன்பே, கோள்களுக்கு நாம் இதைச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். கணினிக்கு இந்தச் சொல் வந்தது 20-ஆம் நூற்றாண்டில்தான். எந்தப் பாகம் எதோடு சேர்ந்து எப்படி வேலை செய்ய வேண்டும் என்று ஒழுங்குபடுத்தி வைப்பது அங்கே அதன் பொருள்.

சரி, இப்போது ‘அமை’.

தமிழில் இது இரண்டு வினையாக நடக்கும். ‘அமைந்தது’ என்றால் தானாகப் பொருந்தி நின்றது. ‘அமைத்தேன்’ என்றால் நான் பொருத்தி நிறுத்தினேன். பொண்ணுக்கு நல்ல இடம் அமைஞ்சுது, வாடகைக்கு வீடு அமையல என்று வீட்டில் பேசுவது முதல் வகை. மேடை அமைத்தார்கள், குழு அமைத்தார்கள் என்று நாளிதழ் எழுதுவது இரண்டாம் வகை. எல்லாம் பொருந்தி அடங்கிய நிலைக்குப் பெயர் அமைதி. சங்கப் பாடல்களில் ‘அமை’ என்றால் மூங்கிலும்கூட. அது தனிக் கதை.

இங்கே எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. வடசென்னைப் பேச்சில் ‘செட்’ என்ற கடன்சொல்லும் இதே மாதிரி இரண்டு காலில்தான் நிற்கிறது: செட் ஆவுது, செட் பண்றேன். ரெண்டு பேருக்கும் செட் ஆவல. சட்டை செட் ஆயிடுச்சு. ஆங்கிலச் சொல்லை வாங்கி, அதை ‘அமை’ என்ற பழைய அச்சில் வார்த்திருக்கிறார்கள். செட் ஆனது என்பது அமைந்தது, செட் பண்ணினேன் என்பது அமைத்தேன். கேள்வி கேட்ட பையனின் அப்பா காசிமேட்டில் போட் என்ஜின் வேலை பார்ப்பவர். மகனைக் கூட்டிப்போக வந்தவரிடம் இந்தப் பேச்சை எடுத்தபோது சட்டென்று சொன்னார்: “என்ஜின எறக்கி வச்சிட்டா வேல முடிஞ்சுதாம்மா? செட் ஆவணும்ல.” இறக்கி வைப்பது கணினியில் இன்ஸ்டால், தமிழில் ‘நிறுவுதல்’. செட் ஆகும்வரை பார்ப்பதுதான் கான்ஃபிகர். இதைவிடத் தெளிவாக எந்த அகராதியும் எனக்குப் பிரித்துக் காட்டியதில்லை.

லிங்க்ஸோடு நான் பட்ட பாட்டைச் சொன்னால் இன்னும் விளங்கும். இந்த உலாவி 1992-இல் அமெரிக்காவின் கான்சஸ் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. உருவாக்கிய மூவரில் ஒருவரான லூ மொன்டுல்லிதான் பிறகு நெட்ஸ்கேப் என்ற உலாவி நிறுவனத்துக்குப் போய், தளங்கள் நம்மை நினைவில் வைக்க உலாவியில் விட்டுப்போகும் சிறு குறிப்பான குக்கீயை 1994-இல் கொண்டுவந்தவர். பெயரில் ஒரு சொல்விளையாட்டு உண்டு: காட்டுப்பூனை வகையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இணைப்புகளைக் குறிக்கும் சொல்லும் ஒரே ஒலி. ஆங்கிலத்தில் எழுத்து மாறும். தமிழில் எழுதினால் இரண்டும் ‘லிங்க்ஸ்’தான், வித்தியாசமே கிடையாது. படம் காட்டாது, ஜாவாஸ்கிரிப்ட் இயக்காது. அதனால் இன்றைய தளங்களில் பல இதற்குள் வேலை செய்யாது. ஆனால் கட்டுரையும் செய்தியும் பாடக்குறிப்பும் படிக்க, இவ்வளவு சின்ன நினைவகத்தில் இதைவிட வேறென்ன வேண்டும்? பார்வையற்றவர்கள் திரைவாசிப்பான் வைத்து இதைப் பயன்படுத்துவதும் உண்டு.

நிறுவ இரண்டு நிமிடம் ஆனது. முதல் பக்கமே திறக்கவில்லை. தளம் அசல்தான் என்று காட்டும் பாதுகாப்புச் சான்றிதழ் சரியில்லை, தொடரலாமா என்று கேட்டது. எந்தத் தளத்துக்குப் போனாலும் அதே கேள்வி. உலாவி எப்படி நடக்க வேண்டும் என்று எழுதிவைத்திருக்கும் அதன் கோப்பை வரி வரியாகப் பார்த்தேன், ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. கடைசியில் திரையின் மூலையில் தேதியைப் பார்த்தால் 2002 ஜனவரி 1. உள்ளே இருக்கும் பட்டன் பேட்டரி செத்துப்போய், ஒவ்வொரு முறை மின்சாரம் நிற்கும்போதும் கடிகாரம் பின்னே ஓடியிருக்கிறது. 2002-இல் நிற்கிற கணினிக்கு இன்றைய சான்றிதழ் எல்லாம் ‘இன்னும் பிறக்காதது’. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு வாட்ச் கடையில் சிஆர் 2032 வாங்கிவந்து மாட்டினோம். 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிமன், அந்த எண்ணிலேயே அளவு இருக்கிறது. தேதி நின்றது, பாதிப் பக்கங்கள் திறந்தன.

மீதிப் பாதிக்கு வேறு காரணம். மற்றச் சான்றிதழ்களுக்கு உறுதி சொல்லும் நம்பத்தக்க மூலச் சான்றிதழ்களின் பட்டியல் ஒன்றை இயங்குதளம் தன்னிடம் வைத்திருக்கும். பல தளங்களுக்கு இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் நம்பியிருந்த பழைய மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியாகிவிட்டது. பல வருடமாகப் புதுப்பிக்காத கணினிக்குப் புது மூலத்தைத் தெரியாது. இன்னொரு கணினியிலிருந்து புதிய பட்டியலை பென்டிரைவில் கொண்டுவந்து, லிங்க்ஸின் கோப்பில் அதன் இடத்தைக் காட்டும் வரியை எழுதினேன். இன்னும் பழைய லினக்ஸாக இருந்திருந்தால் இதுவும் போதாது. மறைகுறியாக்கத்துக்குப் பெரும்பாலோர் நம்பும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மென்பொருள், உலாவியும் தளமும் ரகசியமாகப் பேசிக்கொள்ளும் முறையான டிஎல்எஸ் 1.2-ஐ, 2012 மார்ச்சில் வந்த 1.0.1 பதிப்பில்தான் கற்றுக்கொண்டது. இன்று பல தளங்கள் அதற்குக் கீழே பேசுவதில்லை.

அப்புறம் தமிழ். லிங்க்ஸின் கோப்பில் ‘கேரக்டர் செட்’ என்ற வரியில், எல்லா மொழி எழுத்துக்கும் இடமுள்ள குறியாக்கமான யூடிஎஃப்-8 என்று எழுதிவிட்டால் உலாவி தன் பங்கைச் சரியாகச் செய்யும். ஆனால் லினக்ஸின் வெறும் கறுப்புத் திரையில் ஒரு எழுத்துருவுக்கு அதிகபட்சம் 512 வடிவங்கள்தான். கொம்பும் புள்ளியும் சேர்த்துக் கோக்கவும் அதற்குத் தெரியாது. கட்டம் கட்டமாகத்தான் வந்தது. எம்எல்டெர்ம் என்ற முனையச் சாளரத்துக்குள் (கட்டளைகளைத் தட்டும் சாளரம்) லிங்க்ஸைத் திறந்தபோதுதான் தமிழ் தமிழாக வந்தது. பேட்டரி, சான்றிதழ்ப் பட்டியல், உலாவியின் கோப்பு, முனையம்: நாலும் ஒன்றுக்கொன்று ஒத்துவந்த பிறகுதான் ஒரு பக்கம் திறக்கிறது. அந்த லத்தீன் ‘கான்’, சேர்ந்து என்ற பொருள், எனக்கு உறைத்தது அங்கேதான்.

இப்போது புழக்கத்தில் இருக்கும் தமிழ்ச் சொற்களைப் பார்க்கலாம். ‘வடிவமைப்பு’ என்று சிலர் எழுதுகிறார்கள். வேண்டாம், அது டிசைனுக்குப் போய்விட்டது. லிங்க்ஸை வடிவமைத்தவர்கள் கான்சஸ்காரர்கள், நாம் கொருக்குப்பேட்டையில் செய்தது அது இல்லை. ‘கட்டமைப்பு’ சாலை, பாலம், மின்கம்பம் எல்லாவற்றுக்கும் பெயராகிவிட்டது. ‘தகவமைப்பு’ நல்ல சொல், ஆனால் உயிரினம் தானாகச் சூழலுக்கு ஏற்ப மாறுவதற்கு அறிவியல் பாடநூல் அதை எடுத்துக்கொண்டது. வெறும் ‘அமைப்பு’ சங்கமாகவும் இருக்கிறது, சிஸ்டமாகவும் இருக்கிறது, கைப்பேசியில் செட்டிங்ஸாகவும் இருக்கிறது. இன்னொரு சுமையை அதன் தலையில் ஏற்றக்கூடாது.

மிஞ்சுவது ‘உள்ளமைவு’. கணினித் தமிழாக்கங்களில் ஏற்கெனவே பரவியிருக்கிறது, நானும் இதையே எடுத்துக்கொள்கிறேன். முன்னால் நிற்கும் ‘உள்’ இங்கே வேலை செய்கிறது. மின்விசிறியை வைத்துச் சொல்கிறேன். கூரையில் மாட்டுவது நிறுவுதல். ரெகுலேட்டரை இரண்டிலிருந்து நாலுக்குத் திருப்புவது அமைப்பு மாற்றம். சுவருக்குள் எந்த ஒயர் எங்கே போகிறது என்பது உள்ளமைவு. லிங்க்ஸிலேயே இந்த இரண்டும் தனித்தனிக் கோப்பாக இருக்கின்றன. ‘ஓ’ விசையை அழுத்தினால் வரும் விருப்பத் திரையில் மாற்றிச் சேமிப்பது ‘.லிங்க்ஸ்ஆர்சி’ என்ற பயனர் கோப்பில் போய் உட்காரும். கணினி முழுவதற்கும் பொதுவானது ‘லிங்க்ஸ்.சிஎஃப்ஜி’. அதன் வால்தான் நம் கான்ஃபிக்கின் சுருக்கம். முதலாவது அமைப்புகள், இரண்டாவது உள்ளமைவுக் கோப்பு. அந்தக் கோப்பில் வரியின் தலையில் ஹாஷ் (#) குறி இருந்தால் அது வெறும் குறிப்பு, உலாவி அதைப் படிக்காது. குறியை எடுத்தால் வரி உயிர்பெறும். முதல்முறை திறப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டாலே பாதிக் குழப்பம் தீரும்.

வினையில் மட்டும் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. ‘உள்ளமை’ என்று கட்டளையாக எழுதினால் கண் அதை ‘உள்ள’, ‘மை’ என்று பிரித்துவிடுகிறது. இல்லாமைக்கு எதிர்ச்சொல் போல, இருத்தல் என்ற பொருள் எட்டிப்பார்க்கிறது. அதனால் பெயருக்கு உள்ளமைவு, வினைக்கு வெறும் ‘அமை’: உலாவியை அமைத்தேன், உலாவி அமைந்தது. முன்னிருப்பு (டீஃபால்ட்) உள்ளமைவு, உள்ளமைவுப் பிழை, உள்ளமைவுக் கோப்பு என்று கூட்டுச்சொற்களும் தடையில்லாமல் வரும். வல்லினம் மிகும், ஒற்றை விட்டுவிடாதீர்கள். மிஸ்கான்ஃபிகரேஷனுக்குத் தனிச்சொல் கட்ட வேண்டிய தேவை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ‘சரியாக அமையவில்லை’ என்றாலே எல்லாருக்கும் புரிகிறது.

கேட்ட பையனுக்கும் இதைத்தான் சொன்னேன். மறுநாள் கணினியின் பக்கவாட்டில் நோட்டுத்தாள் ஒன்றை அவனே ஒட்டிவைத்திருந்தான்: “உள்ளமைவுக் கோப்பு – தொடுறதுக்கு முன்னாடி காப்பி எடுக்கவும்.” க் சரியாகப் போட்டிருந்தான்.