அஞ்சு ஸ்டார் எந்தப் புத்தகத்துக்கு?

அமெரிக்காவில் ஒரு பொது நூலகத்தின் சிறுவர் பிரிவில் வேலை பார்க்கிறேன். சில மாதங்களுக்கு முன் நம்ம ஊர் அம்மா ஒருவர், ஆன்லைனில் வாங்கிய, நான்சி ட்ரூ என்ற துப்பறியும் பெண்ணைப் பற்றிய வரிசையின் முதல் புத்தகத்தை, அதாவது அந்தப் பழைய கடிகார மர்மத்தை (The Secret of the Old Clock), என் மேசையில் வைத்துவிட்டு, "அக்கா, அஞ்சு ஸ்டார் பார்த்துத்தான் வாங்கினேன். இந்தக் காவலாளி மட்டும் ஏம்மா இப்படிக் கொச்சையா பேசறாருன்னு பொண்ணு கேக்கறா, என்ன பதில் சொல்றதுன்னே தெரியல" என்றார்.

பிரித்துப் பார்த்ததும் புரிந்துவிட்டது. அது 1930ஆம் ஆண்டின் மூல வடிவம், பழைய அட்டையோடு மறுபதிப்பு செய்தது. அவர் பார்த்த பாராட்டுகளில் பெரும்பாலானவை 1959இல் திருத்தி எழுதிய வடிவத்தைப் படித்தவர்களுடையதாக இருக்கும். தலைப்பு ஒன்று, ஆசிரியர் பெயரும் கரோலின் கீன் என்ற அதே புனைபெயர்தான். ஆனால் உள்ளே இருப்பது வேறு எழுத்து. இணையக் கடைகளில் பல பதிப்புகளின் விமர்சனங்கள் ஒரே பக்கத்தில் வந்து விழுந்துவிடுவதால் இது யார் கண்ணிலும் படுவதில்லை.

என்னிடம் இருந்த திருத்திய பிரதியையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். திருடர்கள் ஏரிக்கரை வீட்டைக் காலி செய்துவிட்டு நான்சியை உள்ளே அடைத்துப் பூட்டிப் போகும் இடம். 1930 வடிவத்தில் அந்த வீட்டின் காவலாளி ஜெஃப் டக்கர் ஒரு கறுப்பினத்தவர், குடித்துவிட்டு வேலையைக் கோட்டைவிட்டவர், அவர் பேச்சை எழுத்துப் பிழைகளோடு அச்சிட்டுச் சிரிப்புக்கு ஆளாக்கியிருப்பார்கள். 1959இல் அதே பெயரில் காவலாளி இருக்கிறார், குடியும் இல்லை, கொச்சையும் இல்லை, நிறம் பற்றிய பேச்சே இல்லை. அந்தக் குழந்தை கேட்டது நியாயமான கேள்வி, அதை "சும்மா படி" என்று தள்ளிவிடக் கூடாது.

இந்தக் கதைகளை உருவாக்கியது எட்வர்ட் ஸ்ட்ராட்மேயர் தொடங்கிய நிறுவனம். அங்கே கதைச் சுருக்கம் தயாராகும், கூலிக்கு எழுதுகிறவர்கள் அதை நாவலாக்குவார்கள். நான்சியின் முதல் கதையை எழுதியவர் மில்ட்ரெட் விர்ட். 1959 முதல், ஸ்ட்ராட்மேயரின் மகள் ஹேரியட் ஆடம்ஸின் பொறுப்பில் நான்சி ட்ரூ, அதே நிறுவனத்தின் துப்பறியும் சகோதரர்கள் வரிசையான ஹார்டி பாய்ஸ் இரண்டையும் திருத்தினார்கள். 25 அத்தியாயம் 20 ஆனது, 16 வயது நான்சிக்கு 18 ஆனது, அவள் ஓட்டும் நீல ரோட்ஸ்டர் கார் கன்வர்ட்டிபிள் கார் ஆனது. ஹார்டி பாய்ஸ் வரிசையில் 1935இல் வந்த மறைவான துறைமுகக் கதையில் (The Hidden Harbor Mystery) வில்லனே ஒரு கறுப்பினத்தவர். இனவெறி அதில் அவ்வளவு பச்சையாக இருக்கும். 1961இல் தலைப்பை மட்டும் வைத்துக்கொண்டு வேறு கதையே எழுதிவிட்டார்கள். அதற்கு ஒருவர் ஒரு ஸ்டாரும் இன்னொருவர் அஞ்சு ஸ்டாரும் கொடுத்தால் இருவரும் பேசுவது ஒரே கதையைப் பற்றியே இல்லை.

அப்புறம், திருத்தியது எல்லாமே நல்லது என்றும் நான் சொல்லமாட்டேன். பழைய நான்சிக்குத் துடுக்கு அதிகம், பெரியவர்களிடம் பணிந்து போகமாட்டாள், கதையும் நின்று நிதானமாக நகரும். புதியவள் ரொம்ப நல்ல பெண். எங்கள் நூலகத்துக்கு வரும் வயதான பெண்கள் பலர் பழையவளைத்தான் கேட்கிறார்கள், எனக்கும் அவளைத்தான் பிடிக்கும். ஆனால் ஒன்பது வயதுக் குழந்தை தனியாகப் படிக்கத் திருத்திய வடிவம்தான் கொடுப்பேன். மூலத்தைக் கொடுப்பதானால் நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள்.

வாங்கும் முன் காப்புரிமைப் பக்கத்தைப் பாருங்கள். இந்த முதல் புத்தகத்தில் 1930ஓடு 1959ம் இருந்தால் திருத்தியது, 1959 இல்லையென்றால் பெரும்பாலும் மூலம். சந்தேகமாக இருந்தால் பொருளடக்கத்தில் அத்தியாயங்களை எண்ணிவிடுங்கள். விற்கிறவரிடம் அந்தப் பக்கத்தின் படம் கேட்டாலே போதும், அனுப்பிவிடுவார்கள்.

அந்த அம்மா இரண்டு பிரதிகளையுமே எடுத்துப் போனார். அதற்குப் பிறகு யாராவது இந்தப் புத்தகம் சூப்பர் என்றோ மோசம் என்றோ வந்து சொன்னால், நீங்கள் படித்ததில் அவள் ஓட்டியது ரோட்ஸ்டரா கன்வர்ட்டிபிளா என்று முதலில் கேட்டுவிடுகிறேன்.