யூதப் பள்ளியின் புதிய தலைமையாசிரியருக்கு யார் துணை?

இங்கிலாந்தில் பள்ளி ஆண்டு செப்டம்பர் தொடக்கத்தில் ஆரம்பமாகிறது. எந்தப் பள்ளியிலும் புதிதாகப் பொறுப்பேற்கும் தலைமையாசிரியருக்கு முதல் ஆறேழு வாரம் பள்ளியைப் பழகிக்கொள்ளும் காலம். யூதப் பள்ளியில் பெரும்பாலும் அந்தக் காலம் கிடைப்பதில்லை. 2025-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் 23, 24 யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானா, அக்டோபர் 2 உண்ணாநோன்பு நாளான யோம் கிப்பூர், 7, 8 கூடாரப் பண்டிகையான சுக்கோத், 14, 15 அதை முடித்துவைக்கும் பண்டிகைகள். பிள்ளைகளின் பெயர் மனதில் பதிவதற்குள் பள்ளி திரும்பத் திரும்ப மூடித் திறக்கிறது. அது முடிந்து மூச்சு விட்டால் குளிர்காலம் வந்துவிடும். டிசம்பரில் லண்டனில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுவதால், ஷப்பாத் (வெள்ளி மாலையிலிருந்து சனி இரவு வரையிலான யூத ஓய்வு நாள்) தொடங்கும் முன் எல்லோரும் வீடு போய்ச் சேர வெள்ளிக்கிழமை பள்ளியைச் சீக்கிரமே மூட வேண்டும். அந்த நேரத்தை வாரத்தின் மற்ற நாட்களில் ஈடுகட்ட வேண்டும். அரசுப் பாடத்திட்டம், அதோடு ஹீப்ரு, அதோடு யூதக் கல்வி என எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும்.

நான் பள்ளித் தலைவர்களுக்கு வழிகாட்டும் வேலையில் இருப்பவன். என்னிடம் வருபவர்களில் யூதப் பள்ளிகளின் புதிய தலைமையாசிரியர்களும் உண்டு. நான் யூதன் அல்ல. கால அட்டவணை, பட்ஜெட், சரியாக வேலை செய்யாத ஆசிரியரிடம் எப்படிப் பேசுவது, இதிலெல்லாம் என்னால் உதவ முடியும். ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல் அவர்களுக்குத் தேவைப்படுவது, இதே மாதிரிப் பள்ளியை நடத்துகிற, அவர்கள்மேல் எந்த அதிகாரமும் இல்லாத, கொஞ்சம் தூரத்தில் இருக்கிற இன்னொரு தலைமையாசிரியர். இதை நிர்வாகக் குழுக்கள் இன்னும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், இவர்கள் யாருக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்று பாருங்கள். அரசு நிதியில் நடக்கும் யூதப் பள்ளிகளில் பல, சமயச் சமூகமும் அரசும் சேர்ந்து நடத்தும் வகையைச் சேர்ந்தவை. சம்பளம் அரசுப் பணத்தில் வருகிறது, ஆனால் ஆசிரியர்களை நியமிப்பதும் மாணவர் சேர்க்கை விதியை வகுப்பதும் நிர்வாகக் குழு. கட்டட வேலைக்கு ஆகும் செலவில் பொதுவாக 10 சதவீதம் அந்தக் குழுவின் தலையில். யூதக் கல்விக்கான செலவை அரசு தராது, பெற்றோர் விரும்பித் தரும் பங்களிப்பில்தான் அது ஓட வேண்டும். பொதுப் பாடங்களைப் பார்க்க அரசின் பள்ளி ஆய்வு அமைப்பான ஆஃப்ஸ்டெட் வரும். சமயக் கல்வியைப் பார்க்க 2005 கல்விச் சட்டத்தின் 48-ஆம் பிரிவின்படி பிக்குவாக் என்ற தனி ஆய்வு வரும். ரபி (யூத மதகுரு) ஒருவரின் அதிகாரம் மேலே இருக்கும். சேர்க்கையைத் தொட்டாலோ இன்னும் சிக்கல். 2009 டிசம்பரில் லண்டன் ஜே.எஃப்.எஸ். பள்ளி வழக்கில், தாய் யூதரா என்று பார்த்துச் சேர்ப்பது இனப் பாகுபாடு என்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. அதன்பின் பள்ளிகள் பிறப்பை விட்டுவிட்டு, ஜெப ஆலயத்துக்கு வருவது போன்ற சமய நடைமுறைகளைப் பார்க்கும் முறைக்கு மாற வேண்டியிருந்தது. வழக்கமான தலைமையாசிரியர் பயிற்சியில் இதற்கெல்லாம் இடம் எங்கே? அதற்கான தேசியத் தகுதிச் சான்றிதழும் 2012 முதல் கட்டாயமில்லை.

இதைவிடக் கனமானது சமூகம் சிறியது என்பது. நிர்வாகக் குழுத் தலைவரின் பிள்ளை அதே பள்ளியில் படிக்கும். அவரே ஜெப ஆலயத்தில் பக்கத்து வரிசையில் உட்கார்ந்திருப்பார். சனிக்கிழமை வழிபாடு முடிந்து கிடுஷ் என்ற சிற்றுண்டி நேரத்தில், கையில் பலகாரத் தட்டோடு நிற்கும்போது ஒரு தாய் வந்து மகனின் வகுப்பறைப் பிரச்சினையைச் சொல்வார். ஷப்பாத் அன்று எழுதுவது கூடாது என்பதால் அதைக் குறித்துக்கொள்ளக்கூட முடியாது. ஓய்வு நாளும் வேலை நாளாகிவிடுகிறது, ஆனால் வேலை செய்ததாக எங்கேயும் பதிவாகாது. கோஷர் (யூத உணவு விதிப்படியான) இறைச்சிக் கடையில் தன் பள்ளியைப் பற்றிய வதந்தியைத் தானே கேட்க நேர்ந்ததாக ஒருவர் என்னிடம் சொன்னார். அப்படிப்பட்ட ஊரில் அவர் யாரிடம் மனம்விட்டுப் பேசுவார்? பக்கத்துப் பள்ளித் தலைமையாசிரியரிடம் பேசலாமே என்று தோன்றும். ஆனால் அந்தப் பக்கத்துப் பள்ளியும் அதே குடும்பங்களின் பிள்ளைகளைத்தான் எதிர்பார்க்கிறது. லண்டனில் பிறப்பு விகிதம் குறைந்து ஆரம்பப் பள்ளிகளில் இடங்கள் காலியாகிக்கொண்டிருக்கும் இந்தக் காலத்தில், 'எங்கள் முதல் வகுப்பு நிரம்பவில்லை' என்று போட்டியாளரிடம் யார் சொல்வார்கள்? அதனால் நான் எப்போதும் சொல்வது, ஜோடி சேர்க்கும்போது ஊர் மாற்றிச் சேருங்கள். வடக்கு லண்டன் தலைமையாசிரியருக்கு மான்செஸ்டர், லிவர்பூல், லீட்ஸ் என்று பாருங்கள். மரபை இறுக்கமாகப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் பள்ளியும் சீர்திருத்தப் பிரிவுப் பள்ளியும் ஜோடி சேர்ந்தாலும் நன்றாகவே போகும். சமய நிலைப்பாட்டில் ஒத்துப்போகாதவர்கள், பெற்றோர் புகாரையும் சமையலறைச் செலவையும் பேசும்போது ஒரே வீட்டுக்காரர்கள் மாதிரி பேசிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் பாதுகாப்பு. இதை வெளியில் இருப்பவர்களுக்கு விளக்குவது கடினம். 2023 அக்டோபர் 7 அன்று ஹமாஸ் இஸ்ரேலைத் தாக்கியதற்குப் பிறகான வெள்ளிக்கிழமை வடக்கு லண்டனில் சில யூதப் பள்ளிகள் பாதுகாப்புக் கருதி மூடப்பட்டன. சீருடைக் கோட்டு போட்டு வர வேண்டியதில்லை என்று ஒரு பள்ளி மாணவர்களுக்குச் சொன்னது, தெருவில் அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காக. சி.எஸ்.டி. என்ற சமூகப் பாதுகாப்பு அறக்கட்டளை காவலர்களுக்கும் வேலிக்கும் கேமராவுக்கும் வழி செய்கிறது, அரசும் அதற்கு மானியம் தருகிறது. ஆனால் நாளை பள்ளியைத் திறப்பதா வேண்டாமா, பெற்றோருக்கு எழுதும் கடிதத்தில் எதைச் சொல்வது, ஆறு வயதுக் குழந்தை 'எங்களை ஏன் பிடிக்கவில்லை' என்று கேட்டால் ஆசிரியர் என்ன சொல்ல வேண்டும், இதெல்லாம் தலைமையாசிரியரின் மேஜைக்குத்தான் வரும். 2025 அக்டோபர் 2, யோம் கிப்பூர் அன்று மான்செஸ்டரில் ஹீட்டன் பார்க் ஜெப ஆலயத்தில் நடந்த தாக்குதலில் இருவர் இறந்தார்கள். சமய நெறிகளைக் கடைப்பிடிப்பவர்கள் அன்றைக்கு ஃபோனைத் தொடுவதில்லை. உண்ணாநோன்பு முடிந்து இரவில் ஃபோனை எடுக்கிற தலைமையாசிரியருக்கு, விடிவதற்குள் முடிவு செய்ய வேண்டியது எவ்வளவு இருந்திருக்கும்! அந்த நேரத்தில் கையேட்டைப் புரட்ட முடியாது. ஏற்கெனவே பழகிய ஒரு குரல் மறுமுனையில் இருக்க வேண்டும், 'நான் இப்படி எழுதியிருக்கிறேன், பார்' என்று தன் கடிதத்தை அனுப்ப வேண்டும். பழக்கமும் நம்பிக்கையும் நெருக்கடிக்கு முன்பே உருவாகியிருந்தால்தான் இது நடக்கும்.

யூதப் பள்ளி அல்லாத ஒரு நிகழ்வையும் சொல்ல வேண்டும். 2023 ஜனவரியில் ரெடிங் நகரின் கேவர்ஷம் ஆரம்பப் பள்ளித் தலைமையாசிரியர் ரூத் பெர்ரி உயிரை மாய்த்துக்கொண்டார். ஆஃப்ஸ்டெட் ஆய்வு அவரது மரணத்துக்கு ஒரு காரணமாக இருந்தது என்று மரண விசாரணை அதிகாரி அந்த ஆண்டு டிசம்பரில் கூறினார். ஆய்வின் முடிவை அறிக்கை வெளியாகும்வரை வெளியே சொல்லக்கூடாது என்ற கட்டுப்பாடு அவரை எவ்வளவு தனிமைப்படுத்தியது என்பதும் அப்போது வெளிச்சத்துக்கு வந்தது. அரசுப் பள்ளிகளுக்கு ஒரே சொல்லில் ஒட்டுமொத்தத் தரம் கொடுக்கும் முறை 2024 செப்டம்பரில் கைவிடப்பட்டது. நல்லதுதான். ஆனால் பேச ஆளில்லாத தனிமை விதியை மாற்றினால் மட்டும் போய்விடாது.

ஏற்பாடுகளே இல்லை என்றும் சொல்ல முடியாது. பிரிட்டனில் பேஜெஸ் என்ற அமைப்பு யூதப் பள்ளித் தலைவர்களை ஒன்றுகூட்டிப் பயிற்சியும் ஆலோசனையும் தருகிறது. அமெரிக்காவில் ஐந்து அமைப்புகள் இணைந்து 2016-இல் உருவான பிரிஸ்மா, ஒரே மாதிரிப் பொறுப்பில் இருப்பவர்களைக் குழுக்களாகச் சேர்த்துவிடுகிறது. நியூயார்க்கில் யூத இறையியல் கல்லூரி நடத்திய தலைமைப் பயிற்சியில் அனுபவமுள்ள தலைமையாசிரியர்களே வழிகாட்டிகள். அங்கே யூதப் பள்ளிகள் கட்டணத்தையும் நன்கொடையையும் நம்பி நடப்பவை, ஆகவே கவலையும் வேறு. இங்கே பெற்றோர் கடிதம் தூக்கத்தைக் கெடுக்கிறதென்றால் அங்கே பெரிய நன்கொடையாளரின் முகம்.

ஆனாலும் மாநாடும் குழுக் கூட்டமும் தனியாள் துணைக்கு ஈடாகாது. அந்தத் துணையைப் பள்ளியே அமைத்துத் தர வேண்டும், செப்டம்பரில் அல்ல, நியமனம் உறுதியான மாதத்திலேயே. வழிகாட்டியின் நேரத்துக்கான பணம் பட்ஜெட்டில் தனி வரியாக இருக்கட்டும். இரண்டு வாரத்துக்கு ஒரு மணி நேரம், வெள்ளி பிற்பகல் தவிர எப்போது வேண்டுமானாலும். பேசியது நிர்வாகக் குழுவுக்குப் போகாது என்பதை எழுத்தில் கொடுங்கள், பிள்ளைகளின் பாதுகாப்பு சம்பந்தப்பட்டது மட்டும் விதிவிலக்கு. பள்ளியின் தரத்தை மதிப்பிட்டு அறிக்கை தருபவரையே வழிகாட்டியாகவும் போட்டுவிடாதீர்கள். செலவு மிச்சம் என்று பல இடங்களில் இதைச் செய்கிறார்கள். தன்னை மதிப்பிடுபவரிடம் 'எனக்குத் தெரியவில்லை' என்று எவரும் சொல்ல மாட்டார்.

யூதரல்லாத தலைமையாசிரியர்களும் இருக்கிறார்கள், அவர்கள் பெரும்பாலும் மறக்கப்படுகிறார்கள். பர்மிங்காமின் கிங் டேவிட் பள்ளியில் பெரும்பான்மைப் பிள்ளைகள் முஸ்லிம்கள், ஆனாலும் அது யூதப் பள்ளிதான். சமூகத்தின் உள்ளிருந்து வராதவருக்கு இரண்டு பேர் தேவை: பள்ளி நடத்தத் தெரிந்த ஒரு தலைமையாசிரியர், 'இதைக் கேட்கலாமா' என்று தயங்காமல் சமய நடைமுறையைக் கேட்கக்கூடிய ஒருவர். அந்த இரண்டாமவர் பள்ளியின் ரபியாகவே இருந்தால் சில கேள்விகள் கேட்கப்படாமலே போகும், வெளியிலிருந்து ஒருவரைத் தேடுங்கள்.

இந்தப் பொறுப்புக்கு நேர்காணலுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடைசியில் 'எங்களிடம் ஏதாவது கேட்க வேண்டுமா' என்பார்கள். என் வழிகாட்டி யார், அவரை நான் தேர்ந்தெடுக்கலாமா, முதல் இரண்டு ஆண்டுக்கும் பணம் ஒதுக்கியிருக்கிறீர்களா, ஷப்பாத் அன்று பெற்றோர் என்னிடம் பள்ளி விஷயம் பேசக்கூடாது என்று குழுத் தலைவர் எழுதிச் சொல்வாரா என்று கேளுங்கள். ஏற்கெனவே பொறுப்பில் இருந்து தவிக்கிறவர்கள், தலைமையாசிரியர் சங்கத்தையோ, கல்வித்துறையில் வேலை செய்யும் எவரும் எந்த நேரத்திலும் இலவசமாகக் கூப்பிடக்கூடிய எஜுகேஷன் சப்போர்ட் தொண்டு நிறுவனத்தின் உதவி எண்ணையோ இந்த வாரமே அழையுங்கள். அரையாண்டு விடுமுறை வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள்.