எலிப்சிஸ்: விடுபாட்டுக்குறியும் எச்சமும்

ஆங்கில எழுத்தில் வரிசையாக வரும் மூன்று புள்ளிகளுக்கு எலிப்சிஸ் என்று பெயர். கிரேக்கத்தில் 'எல்லெய்ப்சிஸ்' என்றால் குறைவு, விடுபடுதல். வாக்கியத்தில் ஒரு சொல்லை விட்டுவிடும் இலக்கண முறைக்கும் இதே பெயர்தான். நீள்வட்டத்தைக் குறிக்கும் எலிப்ஸும் இந்த வேரில் பிறந்ததே. தொடக்கத்தில் இந்தக் குறி புள்ளியாகக்கூட இல்லை. பழைய ரோம நாடகாசிரியர் டெரன்ஸின் நாடகம் ஒன்றுக்கு 1588இல் அச்சான ஆங்கில மொழிபெயர்ப்பில், பேச்சு பாதியில் நிற்கும் இடங்களில் சிறு கோடுகளைத்தான் போட்டார்கள்.

இன்று இதன் முக்கிய வேலை, மேற்கோளில் சில சொற்களை விட்டிருக்கிறோம் என்று காட்டுவது. இங்கேதான் கவனம் வேண்டும். "ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குச் செல்லக் கூடாது" என்று ஓர் அறிவிப்பு மண்டபம் என்ற கடலோர ஊரில் ஒட்டியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அதை ஒருவர் "ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை... கடலுக்குச் செல்லக் கூடாது" என்று சுருக்குகிறார். புள்ளி முறையாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை நம்பும் நாட்டுப்படகுக்காரர், தனக்கு இல்லாத தடைக்காக 61 நாளும் வலையைச் சுருட்டி வைத்துவிடுவார். பொருளையே மாற்றும் சொல்லை எடுத்துவிட்டுப் புள்ளி வைப்பது பொய்தான். முப்புள்ளி அதற்கு மறைப்பாகக் கூடாது.

அப்புறம், தயக்கத்தையும் சொல்லாமல் விட்டதையும் காட்டும் முப்புள்ளி. "படகு வந்துருச்சு மச்சான், ஆனா..." என்று பாம்பனிலிருந்து செய்தி வந்தால், மீன்பாடு இல்லை என்று படிப்பவருக்குப் புரிந்துவிடும். இந்த நுட்பத்துக்குத் தமிழில் தொல்காப்பிய காலத்திலேயே பெயர் உண்டு: எச்சம். சொல்லெச்சம், குறிப்பெச்சம், ஒழியிசை எச்சம் என்று பத்து வகையைத் தொல்காப்பியத்தின் எச்சவியல் பகுதி எண்ணுகிறது. ஒழியிசைக்கு உரையாசிரியர்கள் காட்டும் உதாரணம் 'கூரியதோர் வாள்மன்'. கூரான வாள்தான், ஆனால் ஏதோ குறை. அந்தக் குறையை வாய்விட்டுச் சொல்லாமல் 'மன்' என்ற ஓர் இடைச்சொல்லே உணர்த்திவிடுகிறது. பாம்பன்காரரின் 'ஆனா'வும் அதே வேலையைத்தான் செய்கிறது.

ஆகவே அடையாளத்தை விடுபாட்டுக்குறி அல்லது முப்புள்ளி என்றும், இலக்கண முறையை எச்சம் என்றும் எழுதலாம். தொகை என்று எழுதுவது சரிப்படாது. இலக்கணத்தில் தொகை என்றால் மறைவது பெரும்பாலும் உருபு, முழுச் சொல் அல்ல. தமிழில் வரி நிறையப் புள்ளி வைக்கும் பழக்கமும் வேண்டாம், மூன்றே போதும்.